பெயரை மறைத்தால் போதுமா? மட்டக்களப்பு, அம்பாறைச் செய்திகளில் பெண்கள்

எழுவான்கரை எழுதியது:

நம் பக்கத்துச் செய்தித் தளங்களைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். "பாதிக்கப்பட்ட சிறுமியின் பெயர் வெளியிடப்படவில்லை" என்று ஒரு வரி இருக்கும். அதற்கு மேலும் கீழும் பிள்ளையின் ஊர், படிக்கும் வகுப்பு, தாய் எந்த நாட்டில் வேலை செய்கிறார், சந்தேகநபர் பிள்ளைக்கு என்ன முறை, அவர் என்ன வாகனம் ஓட்டுகிறார் எல்லாம் வரிசையாக இருக்கும். கொழும்பில் இருந்து வாசிக்கிறவருக்கு அவள் யாரோ ஒரு பிள்ளை. ஒரு கோயில், ஒரு பாடசாலை, இரண்டு கடை உள்ள ஊரில் இருப்பவருக்கு வீட்டு வாசல் வரை வழி சொல்லிக் கொடுத்த மாதிரி.

நான் பெண்களோடு பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் கூடப் போகிற வேலை செய்கிறவள். அதனால் இந்தச் செய்திகளின் மறுபக்கத்தை அடிக்கடி பார்க்கிறேன். என் பெரிய குறை பெயரைப் பற்றியது கூட இல்லை. செய்தி முதல் நாளோடு முடிந்துவிடுகிறது என்பதுதான். "சந்தேகநபர் கைது, 14 நாள் விளக்கமறியல்." அதோடு சரி. வழக்கு அன்றுதான் தொடங்குகிறது. நீதவான் நீதிமன்றத்தில் தவணை தவணையாகப் போகும். வழக்குக் கோவை சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போய் அங்கே கிடக்கும். குற்றப்பத்திரிகை வந்து மேல் நீதிமன்றத்தில் எடுக்கும்போது எட்டாம் வகுப்புப் பிள்ளை கல்யாண வயதுக்கு வந்திருப்பாள். சில வேளை கல்யாணமே முடிந்திருக்கும். புருஷன் வீட்டாருக்குத் தெரியாமல் சாட்சி சொல்ல வரவேண்டிய நிலையில் நிற்பாள்.

இதற்கிடையில் பிணையில் வந்தவர் அதே சந்தியில் நிற்கிறார். ஊரை விட்டுப் போவது பிள்ளைதான். முதலில் பெரியம்மா வீடு, மறுகா விடுதி, மறுகா படிப்பு நின்றுவிடும். இதில் ஒரு வரியாவது எந்தப் பத்திரிகையிலும், எந்தத் தளத்திலும் வந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

வாசகருக்கு மிஞ்சுவது என்ன? ஒரு பிள்ளைக்கு ஏதோ நடந்தது, ஒருவரைப் பிடித்தார்கள். நீதி கிடைத்ததா, எங்கே தேங்கியது, யார் தேக்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால் யாரையும் கேட்கவும் முடியாது. பொலிஸ், சட்டமா அதிபர் திணைக்களம், நீதிமன்றம் மூன்றும் தப்பிக்கின்றன. பிள்ளையின் வீடு மட்டும் வெளிச்சத்தில் கிடக்கிறது.

கொலை என்றாலும் இதே கதைதான். "இளம் குடும்பப் பெண் சடலமாக மீட்பு. குடும்பத் தகராறே காரணம் எனப் பொலிஸாரின் ஆரம்பக்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது." யார் கொன்றது என்று தேடினால் செய்தியில் ஆளே இல்லை. தகராறுதான் கொன்றிருக்கிறது.

இதைப் பற்றி ஊடகத்தில் வேலை செய்கிறவர்களும் இங்கே இருந்தால் பேசுங்கள். திட்டுவதற்காகத் தொடங்கவில்லை.

சட்டப்புத்தகம் எழுதியது:

அக்கா சொன்ன முதல் விஷயத்துக்குச் சட்டமே இருக்கிறது, பலருக்குத் தெரியாது. தண்டனைச் சட்டக்கோவையில் 1995 திருத்தத்தோடு வந்த 365சி பிரிவு. பாலியல் வல்லுறவு, நெருங்கிய உறவினருக்கிடையிலான தகாத பாலுறவு, பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம், பாலியல் தொந்தரவு போன்ற குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ, "அடையாளத்தைத் தெரியப்படுத்தக்கூடிய எந்த விடயத்தையுமோ" வெளியிட்டால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். பெயர் மட்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஊரும் வகுப்பும் மாமாவின் ஓட்டோவும் சேர்ந்து ஆளைக் காட்டிக்கொடுத்தால் அதுவும் குற்றம்தான்.

இந்தப் பிரிவில் நம் மாவட்டத்தில் யாராவது ஆசிரியர் கூண்டில் ஏறி நான் கண்டதில்லை. நடைமுறையில் முறைப்பாடு செய்யப் போகிறவர் யார்? பாதிக்கப்பட்ட குடும்பம். ஏற்கனவே ஒரு வழக்கில் மாட்டியிருக்கும் குடும்பம் இன்னொரு வழக்கைத் தலையில் எடுத்துப் போடுமா?

பத்திரிகை என்றால் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு 2003 முதல் இருக்கிறது. ஆசிரியர்களே ஏற்றுக்கொண்ட ஒழுக்கக் கோவை, திருத்தம் போடச் சொல்லலாம், பதில் போடச் சொல்லலாம். ஆனால் இன்று சனம் செய்தி வாசிப்பது பேஸ்புக் பக்கத்தில். அந்தப் பக்கத்தை நடத்துகிறவர் பாரிஸில் இருக்கிறாரா பாண்டிருப்பில் இருக்கிறாரா என்றே தெரியாது.

மண்முனை நிருபர் எழுதியது:

நான் பிரதேச நிருபர். எந்தப் பத்திரிகை என்று சொல்லப்போவதில்லை, கேட்கவும் வேண்டாம்.

எங்களுக்கு மாதச் சம்பளம் இல்லை. பிரசுரமான செய்திக்குக் காசு. அது மோட்டார் சைக்கிள் பெற்றோலுக்கே காணாது. அதனால்தான் எங்களில் பாதிப் பேர் ஆசிரியராகவோ கடைக்காரராகவோ இருந்துகொண்டு செய்தி அனுப்புகிறோம். காலையில் பொலிஸ் நிலையத்துக்கு ஒரு அழைப்பு, வைத்தியசாலைக்கு ஒரு அழைப்பு, நீதிமன்றத்தில் தெரிந்த ஒருவருக்கு ஒரு அழைப்பு. கிடைப்பதை வட்ஸ்அப்பில் தட்டி அனுப்புவது. அந்தப் பொலிஸ்காரர் சொல்வதுதான் செய்தி. அவரைக் குறைசொல்லி எழுதினால் அடுத்த நாள் அழைப்பை எடுக்க மாட்டார்.

தலைப்பை நான் போடுவதில்லை. நான் "பெண் கொலை, கணவர் கைது" என்று அனுப்புவேன். அங்கே இருப்பவர் "கள்ளத்தொடர்பால் வந்த வினை" என்று மாற்றுவார். ஊரில் அடி வாங்குவது நான்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். இது பத்திரிகையாளர் செத்த மாவட்டம். ஐயாத்துரை நடேசனை 2004 மே 31இல் பட்டப்பகலில் மட்டக்களப்பு நகரத்தில் சுட்டார்கள். அடுத்த வருடம் மட்டக்களப்பில் பிறந்த சிவராமைக் கொழும்பில் கடத்திக் கொன்றார்கள். அந்தக் காலத்தில் இருந்து எங்களுக்குள் ஒரு பழக்கம் ஊறிவிட்டது. அதிகாரத்தில் உள்ளவரைத் தொடாதே, விபத்து, களவு, குடும்பப் பிரச்சினை எழுது. பெண்களின் செய்தி எங்களுக்குப் "பாதுகாப்பான" செய்தி. இதை நியாயம் என்று சொல்லவில்லை. எப்படி இந்த இடத்துக்கு வந்தோம் என்று சொல்கிறேன்.

வழக்கைத் தொடர்ந்து எழுதலாம்தான். ஒரு தவணைக்குக் காலை முழுக்க நீதிமன்றத்தில் இருந்து "வழக்கு ஒத்திவைப்பு" என்று அனுப்பினால் யார் போடுவார்?

படுவான்கரையான் எழுதியது:

எல்லாரும் ஊடகத்தைத் திட்டுகிறீர்கள். நான் மாற்றிச் சொல்கிறேன். செய்தி வராவிட்டால் வழக்கே இல்லை. எங்கள் பக்கம் பொலிஸுக்குப் போனால் "இரண்டு பக்கமும் பேசித் தீருங்கள்" என்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடி, குற்றம் செய்தவன் தலையிலேயே பிள்ளையைக் கட்டிவைத்த கதையும் உண்டு. பேப்பரில் வந்தால்தான் பயம்.

2015இல் புங்குடுதீவு மாணவியின் கொலையைப் பாருங்கள். ஊடகம் கத்தியது, சனம் ரோட்டில் இறங்கியது, மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட மன்று வைத்து 2017இல் ஏழு பேருக்கு மரண தண்டனை. அமைதியாக இருந்திருந்தால் நடந்திருக்குமா?

எழுவான்கரை எழுதியது:

தம்பி, அமைதியாக இருக்கச் சொல்லி நான் எங்கே எழுதினேன்?

அந்த வழக்கில் மட்டக்களப்பிலும் நாங்கள் ரோட்டில் நின்றவர்கள்தான். சனத்தின் கோபம் வழக்கை நகர்த்தியது உண்மை. ஆனால் அந்தப் பிள்ளையின் உடல் கிடந்த படம் போனுக்குப் போன் போனதே, அது எதை நகர்த்தியது? அந்தத் தாய் இன்னும் எத்தனை வருடத்துக்கு அந்தப் படத்தை யாரோ ஒருவரின் திரையில் திடீரென்று காண வேண்டும்?

தீர்ப்பு வரை செய்தி போனதால்தான் உங்களுக்கு இன்று 2017, ஏழு பேர் என்று சொல்ல முடிகிறது. அதே மாதிரி நம் மாவட்டத்து வழக்கு ஒன்றின் தீர்ப்பைச் சொல்லுங்கள் பார்ப்போம். கைதானவை நிறையத் தெரியும். தீர்ப்பு ஒன்று?

கட்டிவைத்த கதை சொன்னீர்கள். அதுதான் செய்தி. அந்தக் கூட்டத்தில் யார் யார் உட்கார்ந்தார்கள், பொலிஸ் ஏன் முறைப்பாட்டை எழுதவில்லை என்று எழுதலாமே. பிள்ளையின் வகுப்பு எதற்கு?

(பெயர் மாற்றப்பட்ட உறுப்பினர்):

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது.]

மட்டுறுத்துநர்:

மேலே உள்ள பதிவில் "நீங்கள் சொல்வது இந்தச் சம்பவம்தானே" என்று ஊரும் பாடசாலையும் குறிப்பிடப்பட்டிருந்தன. நீக்கியாயிற்று. இழையின் தலைப்பை இன்னொரு முறை வாசித்துவிட்டு எழுதவும்.

அக்கரைப்பற்று ராத்தா எழுதியது:

எங்கள் பக்கத்துக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதில் தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று ஊடகம் பிரித்து வைத்திருக்கிற முறையே ஒரு பிரச்சினை.

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரத்தில் நடந்தது நினைவிருக்கும். ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் ஏதோ கட்டி இருந்ததாம். அது "கருத்தடை மாத்திரை" என்றார்கள். காசாளரை மிரட்டித் தலையாட்ட வைத்து வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். கடை போனது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அரச பகுப்பாய்வாளர் அது மாக்கட்டி என்றார். சாப்பாட்டில் போட்டு ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அதற்குள் கண்டிப் பக்கத்துத் திகன கலவரத்தில் எரிந்து முடிந்தது. அடுத்த வருடம் ஏப்ரல் ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு ஒரு சிங்களப் பத்திரிகை, முஸ்லிம் மருத்துவர் ஒருவர் 4000 சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்தார் என்று முதல் பக்கத்தில் போட்டது. மருத்துவரைக் கைது செய்தார்கள். விசாரித்த குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஆதாரம் இல்லை என்று நீதிமன்றத்தில் சொன்னது. அதற்கு முதல் பக்கம் கிடைத்ததா என்ன?

இரண்டு கதையிலும் பெண்களின் கர்ப்பப்பைதான் செய்தி. பெண்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. சிங்களப் பெண் எத்தனை பிள்ளை பெற வேண்டும், முஸ்லிம் பெண் எத்தனை பெறுகிறாள் என்று எண்ணுகிறவர்கள் எல்லாம் ஆண்கள். இதைக் கண்டித்து எழுதிய நம் தமிழ்ப் பத்திரிகைகளும் இன மோதலாகத்தான் எழுதின. அதுவும் சரிதான், ஆனால் பாதிதான்.

மறுபக்கம் எங்கள் சொந்த ஊடகம். 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் மணப்பெண் கையொப்பமிடத் தேவையில்லை, வலி, அதாவது அவளுடைய ஆண் பாதுகாவலர், போட்டால் போதும். பெண் காதியாக, அதாவது இந்த வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியாக, முடியாது. காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி வரவும் முடியாது. இதைத் திருத்தச் சொல்லிப் புத்தளத்திலும் கிழக்கிலும் பெண்கள் எவ்வளவு காலமாகப் பேசுகிறார்கள். 2009இல் நியமித்த குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது. ஒன்பது வருடம்! பேசிய பெண்களை எங்கள் ஆட்கள் "என்ஜிஓ காசுக்கு ஆடுகிறவர்கள்" என்று எழுதினார்கள். சிங்கள, ஆங்கில ஊடகம் 2019க்குப் பிறகு திடீரென்று எங்களைக் காப்பாற்ற வந்தது. அந்தக் கட்டுரைகளோடு வரும் படம் எப்போதும் ஒன்றே, முகம் மூடிய கறுப்பு உருவம். எந்த நாட்டுப் பெண்ணோ தெரியாது. காதி நீதிமன்றத்தில் பராமரிப்புக் காசுக்காக அலைகிற என் மச்சாள் முகம் மூடுவதே இல்லை. அவளை ஒருவரும் தேடி வரவும் இல்லை.

வெட்டியான்_99 எழுதியது:

ஆண்களுக்கு நடக்கிற அநியாயத்தையும் ஒரு நாள் எழுதுங்கள். எல்லாம் பெண், பெண்.

சட்டப்புத்தகம் எழுதியது:

எழுதலாம், தனி இழை திறங்கள், நானும் வருகிறேன். "எல்லாம் பெண்" என்ற கணக்கு மட்டும் பிழை. உலகம் முழுக்க ஒரே நாளின் செய்திகளை எடுத்து எண்ணுகிற ஆய்வு ஒன்று ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை நடக்கிறது. 1995இல் செய்தியில் பேசப்பட்டவர்களிலும் பேசியவர்களிலும் பெண்கள் 17 வீதம். 2020இல் 25 வீதம். கால் நூற்றாண்டில் எட்டு வீத முன்னேற்றம்.

நம் நாட்டில் தொகைமதிப்புத் திணைக்களம் 2019இல் செய்த பெண்கள் நலன் ஆய்வில், துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அவரிடமிருந்தே உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். ஐந்தில் ஒரு பெண்ணுக்கு நடப்பதை "குடும்பத் தகராறு" என்று ஒவ்வொரு தடவையும் புதுச் சம்பவமாக எழுதுகிறோம். 2005இன் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அடி வாங்கும் பெண் தானே நீதவானிடம் போய்ப் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். ஒரு கொலைச் செய்தியின் அடியிலாவது இதையும் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தையும் போட்டால் அச்சு மை தீர்ந்துவிடாது.

குவைத்காரியின் மகள் எழுதியது:

எழுவான்கரை அக்கா முதல் பதிவில் "தாய் எந்த நாட்டில் வேலை செய்கிறார்" என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதில்தான் நான் நிற்கிறேன்.

என் அம்மா நான் சின்ன வயதில் இருந்தே வெளிநாட்டில் வீட்டு வேலை. அந்தக் காசில்தான் எங்கள் வீட்டுக்குக் கூரை வந்தது, நான் பல்கலைக்கழகம் போனேன். எங்கள் ஊரில் எந்தப் பிள்ளைக்கு எது நடந்தாலும் செய்தியில் "தாய் வெளிநாட்டில் தொழில் புரிந்து வரும் நிலையில்" என்று ஒரு வரி வரும். வீட்டில் இருந்த அப்பாவைப் பற்றி வராது. அவர் எங்கே இருந்தார், குடித்துவிட்டுக் கிடந்தாரா, வேலைக்குப் போனாரா, ஒன்றும் வராது. குற்றம் செய்தவருக்கு அடுத்த குற்றவாளி, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் யாருடையவோ குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிற அம்மா.

இது வெறும் எழுத்தோடு நிற்கவில்லை. இப்படி எழுதி எழுதித்தான் 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்று வந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் தாய் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போக முடியாது என்றார்கள், மற்றவர்களும் கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் என்று கையொப்பம் வாங்க வேண்டியிருந்தது. அப்பா போவதற்கு அப்படி ஒரு அறிக்கை கேட்கவில்லை. போக வழியில்லாத பெண்கள் தரகர் பின்னால் சுற்றுலா விசாவில் போனார்கள். 2022இல் நாட்டில் டொலர் இல்லை என்றதும் அதே விதியைத் தளர்த்தினார்கள். பிள்ளைப் பாசம் எல்லாம் எங்கே போனது என்று ஒரு ஆசிரியத் தலையங்கமும் கேட்கவில்லை.

வீட்டு வேலைக்குப் போன மூதூர்ப் பிள்ளை ரிசானாவுக்குச் சவூதியில் 2013 ஜனவரியில் மரண தண்டனை நிறைவேற்றியபோது அழுதார்கள். கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி அனுப்பிய தொழிலைப் பற்றி எத்தனை பேர் தொடர்ந்து எழுதினார்கள்?

மீன்பாடும்டிவி எழுதியது:

நான் யூடியூப் சனல் வைத்திருக்கிறேன், சின்னதுதான். பத்திரிகையைத் திட்டுகிறீர்கள், சரி. ஆனால் நாங்கள் நேரே போகிறோம். கணவன் இல்லாத அக்காமாரின் வீட்டுக்குப் போய் அவர்களையே பேச விடுகிறோம். வெளிநாட்டு உறவுகள் பார்த்துக் கிணறு கட்டிக் கொடுக்கிறார்கள், தையல் மெசின் வாங்கிக் கொடுக்கிறார்கள். இது பெண்களுக்குக் குரல் கொடுப்பது இல்லையா? அரசாங்கம் செய்யாததை நாங்கள் செய்கிறோம்.

படுவான்கரையான் எழுதியது:

தம்பி, உங்கள் சனல் எது என்று தெரியாது, பொதுவாகச் சொல்கிறேன். எங்கள் ஊருக்கு இந்த உதவி வீடியோக்காரர்கள் வந்து போகிறார்கள். முதல் கேள்வியே "அக்கா, கணவர் எப்படி விட்டுட்டுப் போனவர்?" சமையல் பானையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவார்கள். அழுகை வராவிட்டால் அழுகிற கேள்வியாகக் கேட்பார்கள். தையல் மெசினோடு கடைசிப் படம், கொடுத்தவரின் பெயர், நன்றி. அடியில் கொமென்ட்ஸ் பார்த்திருக்கிறீர்களா? "இந்த வயதில் இவ்வளவு அழகு, வேற கல்யாணம் பண்ணலாமே." அந்தப் பெண்ணின் மகள் அடுத்த நாள் பாடசாலைக்குப் போக வேண்டும்.

நான் மேலே செய்தி வந்தால்தான் பயம் என்று எழுதினேன். அதில் இன்னும் நிற்கிறேன். ஆனால் யார் பயப்பட வேண்டும் என்று ஒன்று இருக்கிறது. அந்த அக்காவின் கடனைப் பற்றிக் கேட்டீர்களே, கடன் கொடுத்த கம்பனியிடம் என்றைக்காவது மைக்கை நீட்டினீர்களா? நுண்கடன்காரன் வாராவாரம் வாசலில் வந்து நிற்பான். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றப் பெண்கள் கட்ட வேண்டும், அதனால் அயலே பகையாகும். 2018இல் வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. எங்கள் ஊரில் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை? அது ஒரு வீடியோ. ஒரு பெண் உயிரை மாய்த்தால் மட்டும் "கடன் தொல்லை" என்று எழுதி, எப்படிச் செத்தாள் என்பதைக் கயிறு வரைக்கும் விபரிக்கிறார்கள்.

குவைத்காரியின் மகள் எழுதியது:

2025இல் வடக்கில் ஒரு யூடியூப்பரைப் பொலிஸ் பிடித்தது, உதவி என்ற பெயரில் ஒரு குடும்பத்தை அவமதித்து வீடியோ போட்டதற்கு. அந்தச் செய்தியைப் போட்ட தளங்களில் பாதி அதே வீடியோவை, முகத்தை மறைக்காமல், மறுபடி போட்டன!

மீன்பாடும்டிவி எழுதியது:

முகம் மறைத்தால் காசு வராது என்பது உண்மை. கொடுக்கிறவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். இதற்கு நான் என்ன செய்ய?

எழுவான்கரை எழுதியது:

கொடுக்கிறவருக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள். சனலுக்கு வீடியோ வேண்டும் என்றால் பிரதேச செயலகத்தில் வீட்டுத்திட்டப் பட்டியல் எப்படித் தயாராகிறது என்று எடுங்கள். வியூஸ் குறையும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

பழைய வாசகன் எழுதியது:

வயதானவன், இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஒன்று, இந்தக் கேள்விகள் மட்டக்களப்புக்குப் புதிதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இடம்பெயர்ந்த பெண்களோடு சேர்ந்து உருவான சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் இங்கேயே "பெண்" என்ற சஞ்சிகையை நடத்தியது. சித்திரலேகா மௌனகுரு போன்றவர்கள் பல்கலைக்கழகத்துக்குள்ளும் வெளியிலும் இதைப் பேசினார்கள். சுற்றிவர ஷெல் விழுகிற காலத்தில் எழுதினார்கள். இன்று யாராவது புதிதாகக் கண்டுபிடித்தது போலப் பேசினால் எனக்குச் சிரிப்பு வரும்.

இரண்டு, நாம் கொண்டாடுகிற பெண்ணையும் ஊடகம் எப்படி எழுதுகிறது என்று பாருங்கள். மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலில் 1988இல் பூபதி உண்ணாவிரதம் இருந்து இறந்தார். வருடாவருடம் ஏப்ரல் 19 அன்று "அன்னை" என்று படம் போடுகிறார்கள். அவர் வைத்த கோரிக்கை இரண்டு. உடனே போர்நிறுத்தம், பேச்சுவார்த்தை. அன்னையர் முன்னணி என்ற ஒரு பெண்கள் அமைப்பின் முடிவாக வந்தது அது. இந்திய இராணுவத்துக்கும் புலிகளுக்கும் முன்னால் வைத்த அரசியல் கோரிக்கை. அஞ்சலிச் செய்திகளில் தியாகம் இருக்கும், தாய்மை இருக்கும். கோரிக்கையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பாதிக்கப்பட்டவள், கெட்டுப்போனவள், தாய் என்று நம் பத்திரிகைக்கு மூன்று பெண்களைத்தான் தெரியும். அரசியல் பேசுகிறவளை மூன்றில் ஒன்றுக்குள் தள்ளிவிடுவார்கள்.

அக்கரைப்பற்று ராத்தா எழுதியது:

உள்ளூராட்சியில் 25 வீத ஒதுக்கீட்டில் 2018இல் வந்த பெண் உறுப்பினர்களைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று தேடிப் பாருங்கள் ஐயா. யாருடைய மனைவி, யாருடைய மகள். குப்பை வண்டியைப் பற்றிச் சபையில் பேசினாள் என்று எங்கேயாவது வந்ததா?

மண்முனை நிருபர் எழுதியது:

எல்லாவற்றையும் வாசித்தேன். எழுவான்கரை அக்கா, நம் மேல் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிவுக்கு வருகிறது என்று உட்பெட்டியில் சொன்னீர்கள். நான் போகத் தயார். எப்படி எழுதினால் பிள்ளைக்குக் கெடுதல் வராது?

சட்டப்புத்தகம் எழுதியது:

பாலியல் வழக்கில் நீதிபதி பொதுமக்களை வெளியே அனுப்பலாம், அதனால் முதலில் மன்றிடம் அனுமதி கேளுங்கள். சாட்சியத்தைத் தொட வேண்டாம், சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையையும் வேண்டாம். முறைப்பாடு எந்த வருடம், குற்றப்பத்திரிகை எந்த வருடம், எத்தனை தவணை, என்ன தண்டனை. ஊருக்குப் பதில் மாவட்டம். உறவுமுறை வேண்டாம். உறவுமுறையும் குற்றவாளியின் பெயரும் சேர்ந்தால் பிள்ளை தெரிந்துவிடும், அப்படி என்றால் அவர் பெயரையும் விட வேண்டிவரும். கசப்பாக இருக்கும், ஆனால் அதுதான் வழி.

தண்டனையைக் கவனமாகக் கேட்டு எழுதுங்கள். சட்டத்தில் குறைந்தபட்சத் தண்டனை இருந்தாலும் அது மேல் நீதிமன்ற நீதிபதியின் தற்றுணிவைக் கட்டுப்படுத்தாது என்று மேல் நீதிமன்றம் விளக்கம் கேட்டு அனுப்பிய 2008ஆம் ஆண்டு ஆற்றுப்படுத்தல் ஒன்றில் உயர் நீதிமன்றம் சொன்னது. ஒரே வயதுக் காதலர் மாதிரியான வழக்குகளுக்கு அதில் நியாயம் உண்டு. ஆனால் அதே வாசலால் வேறு ஆட்களும் ஒத்திவைத்த சிறைத்தண்டனையோடு வீட்டுக்குப் போகிறார்கள். இதை எந்தச் செய்தியும் எண்ணுவதில்லை.

மண்முனை நிருபர் எழுதியது:

ஆசிரியரிடம் பேசினேன். தவணைச் செய்திக்கெல்லாம் இடமில்லையாம். தீர்ப்பு வந்தால் அனுப்பு, பார்ப்போம் என்றார்.

எழுவான்கரை எழுதியது:

தீர்ப்பு ஒத்திவைத்த தண்டனையாக இருந்தாலும் போடுவாரா என்று கேளுங்கள்.

மண்முனை நிருபர் எழுதியது:

கேட்டேன். "ஆள் யார் என்று பார்த்து" என்றார்.